ஒப்பு நாற்காலி

எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடி வருஷக்கணக்காகிறது. சட்னி, மசாலா எல்லாம் அம்மியில்தான். குக்கர் பரண்மேல் கிடக்கிறது. மின்விசிறியில் சின்னதாக ஒரு முனகல் கேட்டால் போதும், அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவேன். பக்கத்து வீட்டில் யாராவது தேங்காய் அரைக்க ஆரம்பித்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு என் கணவர் எங்கே இருக்கிறார், குழந்தை எங்கே இருக்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அவர் பெயர் எத்திராஜ். ஹவில்தாராக இருந்து, இனி முடியாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள். அதனால் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் ஊர் ரேஷன் கடையில் விற்பனையாளர். வாய் இல்லாதவள் அந்த இடத்தில் ஒரு வாரம் உட்கார முடியாது. ஹேமாவதிக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அந்த வாயை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிசுகிசுத்தே பேசிப் பழகியிருந்தேன்.

அவர் இருந்த எல்லையில் கடைசிக் காலத்தில் துப்பாக்கிச் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லையாம். எல்லாம் தட்டான்கள்தான். உள்ளங்கை அகலமே உள்ள, பறந்து வரும் இயந்திரங்களுக்குப் பட்டாளத்தில் நம் ஆட்கள் வைத்த பேர் அது. கூட்டமாக வரும். மிக்ஸி மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். ரீங்காரம் நின்ற இடத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டான். அவரோடு பதுங்குகுழியில் இருந்தவர்களில் உயிரோடு திரும்பியது அவரும், சேவியர் என்று ஒரு கூட்டாளியும்தான். இவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எங்களுக்கு வினையே அதுதான்.

கை போயிருந்தால் காட்டலாம். கால் போயிருந்தால் காட்டலாம். பயத்தை எதைக் கொண்டு காட்டுவது? முதலில் பார்த்த மருத்துவக் குழு, 'இயல்பிலேயே கலங்கும் சுபாவம், பணியால் வந்தது அல்ல' என்று எழுதிவிட்டது. இயல்பிலேயே கலங்குகிறவனையா அத்தனை வருஷம் எல்லையில் நிறுத்தி வைத்தீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

அதை எதிர்த்துச் சென்னையில் இருக்கும் மேல்முறையீட்டு அவைக்குப் போனோம். அங்கே ஜெயித்தால் அவருக்கு ராணுவ மருத்துவமனையில் ஆயுள் முழுக்க வைத்தியம். மாதம் ஒரு ஊசி போடுவார்கள், ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேசுவார். அந்த ஊசி வெளியில் கிடைக்காது. அது உடம்பில் இருக்கும் நாட்களில் அவர் என் பழைய எத்திராஜ். மகள் தாரிகாவுக்குப் பின்னல் போட்டு விடுவார், என்னைக் கிண்டல் செய்வார், என் சமையலைக் குறை சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். வேகம் குறைய ஆரம்பித்ததும் கண் மேலே போய்விடும். சாப்பிடும்போதும் கூரையைத்தான் பார்ப்பார். வழக்கு முடியும்வரை தற்காலிகமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். தோற்றால் நின்றுவிடும். நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அவையில் வாதம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குளிரூட்டிய ஒரு அறை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், சுவர் முழுக்க ஒரு திரை. மேடையில் மூன்று உறுப்பினர்கள். நடுவில் இருந்த வயதான பெண்மணிதான் தலைவர், ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் இர்ஃபான் என்ற இளைஞர். அவர் என்னைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நா எதுக்குங்க உக்காரணும்? எனக்கா வியாதி?" என்றேன்.

"உங்களுக்கு வியாதி இல்லாததாலதான்க்கா. இதுக்குப் பேரே ஒப்பு நாற்காலி," என்றபடி என் மணிக்கட்டிலும் நெற்றியிலும் பட்டையைச் சுற்றினார். "ஒருத்தருக்கு எவ்ளோ பயம் இருக்குன்னு மிஷின் சொல்லிடும். அது எங்கேர்ந்து வந்துச்சின்னு சொல்லாது. பொறக்கும்போதே வந்ததா, ஊர்ல வந்ததா, பட்டாளத்துல வந்ததா? அதனால அதே வீட்ல, அதே சாப்பாட்டுல, அதே தெரு சத்தத்துல இருக்கற ஒருத்தர, பட்டாளத்துக்குப் போகாதவரா பாத்து எதிர்ல உக்கார வெப்போம். ரெண்டு பேரும் ஒரே சத்தத்தக் கேப்பீங்க. சாரோட கோடு செவப்பு. உங்க கோடு பச்ச. நடுவுல இருக்கற எடவெளி இருக்கே, அதான் பட்டாளம் குடுத்தது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ரேஷன் கடையில்கூட வெறும் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் அரிசிக் கணக்கு எழுதுகிறோம்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே எல்லாரும் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "அங்க போயி கல்லு மாதிரி உக்காந்துக்காத ஹேமா. நல்லா அழு. அழுதாத்தான் எறங்குவாங்க." பட்டாளத்து ஆபீஸ் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆம்பளை விறைப்பாக நிற்பான், பெண்டாட்டி அழுவாள். அவன் விறைப்பைப் பார்த்து மரியாதை வரும், அவள் அழுகையைப் பார்த்து இரக்கம் வரும், காரியம் நடக்கும். என் மாமியார் அப்படி அழுதுதான் மாமனாரின் ஓய்வூதியத்தை வாங்கினார் என்பது எங்கள் தெருவில் பிரசித்தம்.

விளக்கைக் குறைத்தார்கள். அறையின் நான்கு மூலையிலிருந்தும் அந்த ரீங்காரம் வந்தது. முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில், பிறகு தலைக்கு நேர் மேலே.

அவர் விறைப்பாக உட்கார்ந்தார். முதுகு நேராக, கை இரண்டும் முழங்காலில், தாடை இறுகி. உறுப்பினர்கள் முன்னால் ஒரு ஹவில்தார் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. கழுத்து நரம்பு மட்டும் புடைத்துத் தெரிந்தது. நான் அவரையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன். அடக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் எவ்வளவு நடுங்குகிறேனோ அவருக்கு அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். திரையைப் பார்க்கவே இல்லை.

விளக்கு வந்ததும் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "மனுதாரருக்கு அச்சம் இருப்பது உண்மை. ஒப்பு நபருக்கும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. இடைவெளி போதாது. பணியின் பங்கு நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளுபடி." திரையில் பச்சைக் கோடு சிவப்புக் கோட்டை ஒட்டிக்கொண்டே மேலே போயிருந்தது. சில இடங்களில் அதைத் தாண்டியும் போயிருந்தது.

அவர் எழுந்து சல்யூட் வைத்தார்.

வெளியே வராந்தாவில் எங்கள் வக்கீல் ரெஜினா மேடம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். முன்னாள் படைவீரர் சங்கம் அமர்த்திக் கொடுத்தவர். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் கணவர் டீ வாங்கப் போயிருந்தார்.

"யாரு உங்கள அழச் சொன்னது?"

"ஊரே சொல்லிச்சு மேடம்."

"ஊரா வந்து நாற்காலில உக்காந்துச்சு? உங்க வீட்டுக்காரர் என்னடான்னா பரேட்ல நிக்கிற மாதிரி அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க அணையத் தெறந்து விடுறீங்க. பழைய காலம்னா அது சரி. எதிர்ல மனுஷன் இருந்தான், பாத்துட்டு மனசு எறங்குவான். இப்ப கழிச்சில்ல பாக்குறாங்க? உங்க கோடு ஏற ஏற அவரு கேஸு எறங்குது. நீங்க அழுத ஒவ்வொரு சொட்டும் அவரு கணக்குல கழிஞ்சிருக்கு."

அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து நானே குழி பறித்திருக்கிறேன்.

"சரி, ஒண்ணு கேக்குறேன்," என்றார் மேடம், கொஞ்சம் தணிந்து. "அது வெறும் சத்தம். அவரு எல்லைல இருந்தவரு, நடுங்குறாரு. நீங்க இல்லையே. நீங்க ஏன் அவர விட அதிகமா பயந்தீங்க? வீட்ல ஏதாவது நடந்துச்சா?"

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

போன கோடையில் ஒரு மத்தியானம். மருத்துவமனையில் மருந்து வரவில்லை என்று அந்த மாத ஊசி தள்ளிப் போயிருந்தது. நான் சாப்பாட்டுக்காகக் கடையை மூடிவிட்டு வந்தேன். வீடு திறந்து கிடந்தது. தாரிகாவைக் காணோம், அவரையும் காணோம். எதிர்த் தெருவில் ஏதோ கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒரு கேமரா பறந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் புரிந்துபோயிற்று. புரிந்து என்ன, எங்கே தேடுவது? கட்டிலடியில் பார்த்தேன், மாடியில் பார்த்தேன், தெருக் கோடிவரை செருப்பில்லாமல் ஓடினேன். திரும்பி வாசலில் வந்து நின்றபோது காலுக்குக் கீழே ஒரு சின்ன இருமல் கேட்டது. வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. இரும்பு மூடியைப் பிடித்துத் தூக்கினேன், வரவில்லை. உள்ளேயிருந்து அவர் இழுத்துப் பிடித்திருந்தார்.

"மூடு ஹேமா, மூடு! மேலயே சுத்தினு இருக்குது. கொழந்தய நா பாத்துக்கறேன், நீ ஓடிப்போயி எங்கனா படுத்துக்கோ!"

கேமரா போகிறவரை அவர் மூடியை விடவில்லை. விட்டபோது பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு குழந்தையைத் தோளோடு அணைத்திருந்தார். சத்தம் வரக்கூடாது என்று அவள் வாயையும் மூக்கையும் சேர்த்து உள்ளங்கையால் பொத்தியிருந்தார். இடையில் எப்போதோ கை நழுவியதில் வந்த இருமல்தான் எனக்குக் கேட்டது. அவள் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. அவர் அவளை அடிக்கவில்லை, காயப்படுத்த நினைக்கவில்லை. அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தெளிந்த பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பரவாயில்லைங்க என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ரெஜினா மேடம் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார்.

"இத அவைல சொல்லிடலாமா மேடம்? இதனாலதான் நா நடுங்கறேன்னு?"

"சொல்லவே சொல்லாதீங்க. சொன்னா உங்க பயத்துக்குக் காரணம் கெடச்சிடும், உண்மைதான். ஆனா அடுத்த நிமிஷம் கொழந்தைக்கு ஆபத்துன்னு வேற துறைக்கு எழுதிடுவாங்க. பொண்ண எடுத்துட்டுப் போயிடுவாங்க. அந்த விசாரணை முடியற வரைக்கும் நம்ம கேஸ நிறுத்தி வெச்சிடுவாங்க, திரும்ப எடுக்க வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் ஊசி கெடையாது." விரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மறுவாசிப்புன்னு ஒரே ஒரு வாய்ப்பு இருக்கு, இன்னொரு தடவ உக்கார வெச்சுப் பாப்பாங்க, அதுவரைக்கும் ஊசி நிக்காது. ஒப்பு நபர் அதே வீட்டு ஆளாத்தான் இருக்கணும். ஆனா ரெண்டு மாசம் வரைக்கும் உறவுக்காரங்க வீட்ல தங்குறதுக்குத் தடை இல்ல. பொண்ணக் கூட்டிட்டு எங்கயாவது போங்க. தூங்குங்க. சாப்பிடுங்க. அந்தப் பச்சக் கோட்ட எறக்கிட்டு வாங்க. அடுத்த தடவ நீங்க பயந்தீங்கன்னா அவரு கத முடிஞ்சுது."

டீயோடு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம், தொட்டிக் கதையை நான் வெளியே சொன்னதைத் தவிர. அவர் உடனே தலையாட்டினார். "போய்ட்டு வா. சேவியர வந்து என்கூட இருக்கச் சொல்றேன். நீ அங்க நல்லா தூங்கு. நீ தூங்கறதுதான் இப்ப எனக்கு வைத்தியம்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பயப்படாமல் இருப்பதை ஒரு வேலையாக என் தலையில் கட்டுவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆம்பூரில் என் அக்கா அமுதா வீட்டுக்குப் போனோம். முதல் நாள் காலையில் அக்கா மிக்ஸியைப் போட்டதும் நானும் தாரிகாவும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டோம். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எங்க?" என்று கேட்டாள். "அப்பா ஊர்ல இருக்காரு," என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். மிக்ஸி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்த நொடியில் எனக்கு ஏதோ உறைத்தது. அதைத் தொடர்ந்து யோசிக்கத் தைரியம் வரவில்லை, அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

நாட்கள் போகப் போக நான் தூங்க ஆரம்பித்தேன். எப்படிப்பட்ட தூக்கம்! அக்கா தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. தாரிகா உரக்கச் சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. என் குரலும் திரும்பி வந்தது. காய்கறிக்காரனிடம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டேன். "பழைய ஹேமா வந்துட்டாடீ," என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷமாக இருக்கிறதே என்று கிலியாகவும் இருந்தது.

அவர் சாயங்காலம் போன் செய்வார். ஊசி போட்டுக்கொண்டதைச் சொல்வார், சேவியர் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டதைச் சொல்வார். முடிக்கும்போது, "நல்லா தூங்கறியா?" என்று கேட்பார். "தூங்கறேங்க," என்பேன். "நல்லது, நல்லது," என்பார். அந்தக் குரலில் இருந்த பிரியத்தைக் கேட்டுப் போனை வைத்த பிறகு அழுவேன். இந்த மனுஷனுக்காக நான் எதையும் செய்வேன். அது பொய் இல்லை.

மறுவாசிப்பு அன்று அக்காவிடம் குழந்தையை விட்டுவிட்டு நேராகச் சென்னைக்குப் போனேன். ரயிலில் போகும்போதே பயம் பிடித்துக்கொண்டது. நான் பயந்தால் அவர் கதை முடிந்தது என்று மேடம் சொன்ன வார்த்தையே மண்டைக்குள் ஓடியது. பயப்படக்கூடாது, பயப்படக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு அடிக்கிற வேகத்தை விரலால் பிடித்துப் பார்த்து இன்னும் கலங்கினேன். ஒருத்தியைக் கூப்பிட்டு, நீ நடுங்கினால் உன் புருஷனுக்கு வைத்தியம் இல்லை, இப்போது நடுங்காமல் உட்கார் என்றால் அவள் என்னதான் செய்வாள்? அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவன் பெண்டாட்டி அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். இளைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று தேய்த்த ஷூ. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சதை போட்டிருக்கடீ," என்றார் மெதுவாக. ரெஜினா மேடம் அவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். விறைப்பெல்லாம் வேண்டாம், வருகிறது வரட்டும் என்று.

இர்ஃபான் பட்டைகளைச் சுற்றினார். எதிரெதிர் நாற்காலி, நடுவில் நாலடி தூரம். அவர் மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது. திரையில் என் பச்சைக் கோடு ஏற்கெனவே லேசாக ஏறி நின்றது.

"கண்ண மூடிக்கலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"மூடிக்கலாம்க்கா. தடை இல்ல."

மூடிக்கொண்டேன். விளக்கு குறைந்தது இமை வழியாகத் தெரிந்தது. ரீங்காரம் ஆரம்பித்தது. தூரத்தில், கிட்டத்தில், தலைக்கு மேல். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. அது வெறும் சத்தம். ஆம்பூரில் தினமும் காலையில் கேட்ட சத்தம். எனக்கு இந்தச் சத்தத்தோடு எந்தப் பகையும் இல்லை என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. எதிரில் அவர் முனகுவது கேட்டது. ஷூ தரையில் உரசியது. பிறகு, "எறங்கு, எறங்குடா தம்பி, படு!" என்று அவர் யாரையோ கெஞ்சினார். நான் இமையை இறுக்கிக்கொண்டேன். அந்தக் கெஞ்சலைக் கேட்டுக்கொண்டு கண்ணைத் திறக்காமல் இருந்தேனே, அதைவிடப் பெரிய கொடுமையை நான் யாருக்கும் செய்ததில்லை. திறந்தால் அவர் தோற்றுவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சத்தம் நின்றது. விளக்கு வந்தது. கண்ணைத் திறந்ததும் திரையைத்தான் பார்த்தேன். சிவப்புக் கோடு உச்சியில் இருந்தது. பச்சைக் கோடு எங்கோ கீழே, படுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம்.

தலைவரும் மற்ற இருவரும் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டார்கள். பட்டையைக் கழற்றலாமா என்று இர்ஃபானிடம் சைகையில் கேட்டேன். மூன்று கையெழுத்தும் விழுகிறவரை கழற்றக்கூடாது என்று அவரும் சைகையிலேயே சொன்னார். எதிரில் என் கணவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடையில் பேனா நகர்கிற சத்தம் கேட்டது. ஒருவர், இரண்டாமவர், கடைசியில் தலைவர்.

"மனு ஏற்கப்படுகிறது," என்று வாசித்தார் தலைவர். "அச்சம் பணியால் வந்தது. ஆயுட்கால சிகிச்சைக்கு அவை உத்தரவிடுகிறது."

பின்னால் ரெஜினா மேடம் கையைத் தட்டியேவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். ஜெயித்துவிட்டோம், அவரைக் கைவிடவில்லை என்று உள்ளுக்குள் கத்தினேன். திரையில் என் கோடு அசையாமல் கிடந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதுவரை இல்லாத ஒரு கனிவோடு பேசினார். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க ஹவில்தார். இனிமே கவலை இல்ல. சம்சாரம், கொழந்தையோட நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

வீடு என்றதும் பச்சைக் கோடு எழுந்தது.

நான் அதை எழுப்பவில்லை. என் முகத்தில் சிரிப்புக்கூட இன்னும் அப்படியே இருந்தது. கோடு பாட்டுக்கு ஏறியது. எந்தச் சத்தமும் இல்லாத அந்த அறையில், யாரும் மூச்சுக்கூட விடாத நேரத்தில், சிவப்புக் கோடு இருந்த இடத்தைத் தொட்டுவிட்டு அதற்கும் மேலே போனது. பட்டையைக் கழற்ற வந்த இர்ஃபானின் கை பாதி வழியில் நின்றது. தலைவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரெஜினா மேடம் கையை இறக்கிக்கொண்டார்.

என் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டான் வருகிறதா என்று வருஷக்கணக்காக வானத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. எது எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அதற்கு நேரம் ஆகாது.

"ஹேமா," என்றார். வெகு சாதாரணமான குரல், என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரி. "நா வீட்டுக்கு வரட்டுமா?"

"இன்னா கேள்விங்க இது? வாங்க," என்றேன். "வாங்க, கொழந்த உங்களக் கேட்டுனே இருக்கா." நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்லச் சொல்லக் கோடு ஏறியது. அதைக் கையால் மறைக்க வேண்டும் போல இருந்தது. கையில் பட்டை சுற்றியிருந்தது.

அவர் தலையை ஆட்டினார். மேடையின் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஆஸ்பத்திரில தங்கி வைத்தியம் பாத்துக்கலாம்ங்களா? உத்தரவுல அதுக்கும் எடம் இருக்குதுங்களா?"

"இருக்கு," என்றார் தலைவர். "நீங்களா விரும்பினா எவ்வளவு காலம் வேணாலும் தங்கலாம்."

"அப்ப இப்படியே அங்க போயிடறேன். வீட்டுக்கு வரல."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, தடங்கல் இல்லாமல், பாதிக்கு, அதற்கும் கீழே. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஊரார் சொல்லிக் கொடுத்து அழுத அழுகை இல்லை இது. போகாதீங்க என்று சொன்னேன், அது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பச்சைக் கோடு தரையைத் தொடுகிறவரை பொறுத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா தூங்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.